மூன்றாம் அறைக்கு வந்த வெயில்

ஹிசாயோ எந்த இடத்துக்குள் நுழைந்தாலும் முதலில் தலையைத் தூக்கிக் கூரையைத்தான் பார்ப்பாள். கல்யாண மண்டபமானாலும் சரி, பல் டாக்டரின் நாற்காலியானாலும் சரி. மாமனாரின் சாவு வீட்டில் பிக்கு மந்திரம் ஓதிக்கொண்டிருக்கும்போதே எழுந்து போய், உடலுக்கு மேலே எரிந்துகொண்டிருந்த குழல்விளக்கை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தவள் அவள்.

"மாமா முகம் பச்சையாத் தெரிஞ்சுது, அதான்" என்றாள்.

"செத்தவருக்குப் பச்சை என்ன, செவப்பு என்ன" என்று நாத்தனார் முணுமுணுத்தாள். ஆனால் அந்த விளக்கை யாரும் திரும்பப் போடவில்லை.

கணவர் ஷிகேஹாரு தகாமட்சு ரயில் நிலையத்தில் டாக்ஸி ஓட்டுகிறவர். மகள் பிறந்த நாளிலிருந்து இருவரும் ஒருவரையொருவர் அப்பா, அம்மா என்றே கூப்பிட்டுக்கொண்டார்கள். மகள் வேலை கிடைத்து ஒசாகாவுக்குப் போன பிறகும் அது மாறவில்லை. அவர் பேப்பரை விரித்தால் போதும், இவள் முக்காலியை இழுத்துப் போட்டு ஏறி, அவர் தலைக்கு மேலே பல்பைக் கழற்றுவாள்.

"அம்மா, இந்த வாரத்துல இது மூணாவது பல்பு. கண்ணு மங்குதுன்னு டாக்டர்கிட்ட போனா, உங்க கண்ணு அப்படியேதான் இருக்கு, வீட்டு வெளிச்சம்தான் மாறிக்கிட்டே இருக்குங்கிறார்."

"இது கொஞ்சம் இதமா இருக்கும்ப்பா. நேத்து போட்டதுல மிசோ சூப் சேத்துத் தண்ணி மாதிரி இருந்துச்சு."

"சேத்துத் தண்ணின்னு தெரியாம நான் சந்தோஷமாக் குடிச்சிட்டிருந்தேன்."

வெளியே அவளை எல்லோரும் மியோஷிசான் என்று, குடும்பப் பெயரோடு மரியாதைக்கு ஒரு சான் சேர்த்து, அழைப்பார்கள். கோதேரா என்பவர் நடத்திய விளக்குக் கம்பெனியில் இருபத்தைந்து வயதில் கடைப்பெண்ணாகச் சேர்ந்து, பிறகு பத்தொன்பது வருஷம் சூப்பர் மார்க்கெட்டுகளுக்கு விளக்கு அமைத்தாள். இறைச்சிக்கு மேலே லேசாகச் சிவப்பு கலந்த வெளிச்சம், மீனுக்கு நீலம் தட்டிய வெள்ளை, ரொட்டிக்கு அந்திவெயில் மாதிரி ஒன்று. விளக்கைப் பொருத்தியதோடு வேலை முடிந்தது என்று அவள் கிளம்பிவிடுவதில்லை. மீன் வரிசைக்குப் பக்கத்தில் கூடையைத் தூக்கிக்கொண்டு ஒரு மணி நேரம் நிற்பாள். மீனை எடுக்கிற பெண்களின் கைகளைப் பார்ப்பாள். யாராவது மீனைத் தூக்கி வாசல் பக்கத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் அவள் கூடையைக் கீழே வைத்துவிடுவாள். விளக்கை அந்தப் பெண் நம்பவில்லை என்று அர்த்தம். மறுநாள் ஏணியோடு திரும்பி வருவாள்.

நாற்பத்து நான்கு வயதில்தான் அவளுக்குக் கோனாகித் தீவின் கலைக்கூடம் வந்து சேர்ந்தது.

தகாமட்சுவிலிருந்து படகில் ஐம்பது நிமிஷம். குன்றின் சரிவில், கடலைப் பார்த்துக்கொண்டு, பூச்சில்லாத கான்கிரீட்டில் ஒரு கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தது. மொத்தம் மூன்றே அறைகள். அறைக்கு ஒரே ஒரு படம். சுவரில் ஆணி இல்லை, ஸ்விட்ச் இல்லை, எழுத்து இல்லை. கட்டியவர் குசுஹாரா. பெரிய பெயர் எடுத்தவர். எல்லோரும் அவரைச் சென்செய், அதாவது ஆசான், என்றுதான் கூப்பிடுவார்கள். விளக்கு கண்ணில் பட்டால் அது தன் கட்டடமில்லை என்பது அவர் கொள்கை. தோக்கியோவிலிருந்து வந்த விளக்கு நிபுணர் அவரோடு சண்டை போட்டுக்கொண்டு பாதியில் போய்விட்டார். விளக்குச் சாமான்கள் கோதேரா கம்பெனியிலிருந்து போய்க்கொண்டிருந்ததால், இருக்கிறவர்களில் யாரையாவது அனுப்புங்கள் என்று கேட்டார்கள். ஹிசாயோ போனாள்.

"இதுவரைக்கும் எதுக்கெல்லாம் வெளிச்சம் போட்டிருக்கீங்க?" என்று கேட்டார் குசுஹாரா.

"மீனுக்கு, சென்செய். அப்புறம் இறைச்சி."

பக்கத்தில் நின்றவர்கள் தரையைப் பார்த்தார்கள். அவர் மட்டும் சிரித்தார். "படத்தைவிட மீன் கஷ்டம். ரெண்டு நாள் பொய் சொன்னா மூணாவது நாள் நாறிடும். நாளைக்கு வாங்க."

எட்டு மாதம் அவள் சாரத்தின் மேல் மல்லாந்து படுத்துக் கிடந்தாள். முதல் இரண்டு அறைகளிலும் சுவரும் கூரையும் சேரும் இடத்தில் விரல் நுழையாத ஒரு பள்ளத்தை விட்டு, விளக்குகளை அதற்குள் ஒளித்து வைத்தாள். உள்ளே வருகிறவருக்கு வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்றே தெரியாது. சுவரே மெல்ல விடிந்துகொண்டிருப்பது போலிருக்கும்.

மூன்றாம் அறையில் விளக்கே கிடையாது. தென்கிழக்குப் பார்த்த சுவரின் அடியில், தரையை ஒட்டி, முழங்கால் உயரத்துக்கு ஒரு நீண்ட திறப்பு. வெளிச்சம் அதன் வழியே தரையில் தவழ்ந்து உள்ளே வந்து, எதிர்ச்சுவரில் தொங்கும் படத்தைத் தொட்டும் தொடாமலும் நிற்கும். காலை வெயில் நேராக நுழைந்தாலும் தரையில் மூன்று எட்டு ஓடி நின்றுவிடும் என்று அவளே கணக்குப் போட்டுக் கொடுத்திருந்தாள். திறப்புக்கு வெளியே கறுப்புக் கூழாங்கல் பரப்புவதாக ஏற்பாடு.

அந்தப் படத்துக்கு அவ்வளவு ஜாக்கிரதை தேவைப்பட்டது. வரைந்த சுமிதானி சாயோ இறந்து ஆறு வருஷம் ஆகியிருந்தது. ஆள் உயரக் காகிதம். அதில் கானாவாழைப் பூவைப் பிழிந்து எடுத்த நீலச் சாற்றால் மேலிருந்து கீழாக நூற்றுக்கணக்கான கோடுகள். தலைமுடி அளவு மெலிசு. தூரத்திலிருந்து பார்த்தால் வெறும் வெள்ளைத்தாள். கிட்டே போய்க் கண் பழகப் பழகத்தான் நீலம் எழுந்து வரும். பட்டுக் கிமோனோவுக்குச் சாயமிடுகிறவர்கள் முதலில் மாதிரிக் கோடு போடுவது அந்தச் சாற்றில்தான், ஏனென்றால் அது தண்ணீர் பட்டால் போய்விடும். வெயில் பட்டாலும் போய்விடும். ஐம்பது லக்ஸுக்கு மேல் வெளிச்சம் கூடாது என்று எழுதி வாங்கிக்கொண்டுதான் சாயோவின் தங்கை படத்தைக் கொடுத்திருந்தார். வீட்டில் சாப்பாட்டு மேசை மேலேயே நூற்றைம்பது, இருநூறு இருக்கும்.

மே மாதத்தில் சென்செய் மனதை மாற்றிக்கொண்டார். கூழாங்கல் வேண்டாம், கணுக்கால்கூட நனையாத ஆழத்தில் தண்ணீர் நிற்கட்டும் என்றார். திருத்திய வரைபடங்கள் நாற்பது தாள்களாக வந்தன. அன்று ஹிசாயோவுக்கு இரண்டாம் அறையில் ஒரு விளக்கு சூடேறுகிற கவலை. தாள்களைப் புரட்டி, ஒவ்வொன்றின் மூலையிலும் பார்த்தேன் என்று தன் முத்திரையைக் குத்தி அனுப்பிவிட்டாள்.

ஜூலையில் கட்டடம் முடிந்தது. செப்டம்பரில் படங்கள் மாட்டப்பட்டன. மூன்றாம் அறையில் அவளுடைய வெளிச்சம் அளக்கும் மீட்டர் முப்பத்தெட்டு லக்ஸ் காட்டியது. சென்செய் தலையசைத்தார். மீனவர் சங்கத்தில் முப்பது வருஷம் இருந்துவிட்டுக் கலைக்கூட இயக்குநராகியிருந்த அகாமாட்சு கைதட்டினார். எல்லோருக்கும் திருப்தி. ஹிசாயோவுக்கு மட்டும் இருப்புக் கொள்ளவில்லை. அந்த அறையில் ஏதோ ஒன்றைப் பார்க்காமல் விட்டுவிட்டோம் என்று தோன்றிக்கொண்டே இருந்தது. என்னவென்று பிடிபடவில்லை. வீட்டில் அரிசி களையும்போது பாதியில் நிறுத்திவிட்டு நிற்பாள். தூக்கத்தில் எண்களைச் சொன்னாள் என்று ஷிகேஹாரு கேலி செய்தார்.

ஒரு சாயங்காலம் தீவிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தபோது அது பிடிபட்டது. எதிர் இருக்கையில் ஒரு பள்ளிக்கூடத்துப் பெண் வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தாள். மேற்கே சூரியன் தாழ்ந்திருந்தது. கடலில் பட்டுத் திரும்பிய வெயில் படகின் சன்னல் வழியாக ஏறி, அந்தப் பெண்ணின் மோவாய்க்குக் கீழேயும் மூக்குத் துளைக்குள்ளும் நெளிந்துகொண்டிருந்தது. வெயில் கீழேயிருந்து மேலே போகிறது. ஹிசாயோ எழுந்து நின்றுவிட்டாள். வாழ்நாளெல்லாம் பார்த்த காட்சி. கூழாங்கல் வெயிலைக் குடித்துவிடும். தண்ணீர் குடிக்காது, மேலே வீசும்.

மறுநாள் விடுமுறை. அட்டையை வெட்டி மூன்றாம் அறையைச் சிறிதாகச் செய்தாள். வீட்டில் சன்னல் இல்லாத இடம் குளியலறை ஒன்றுதான். கேக் சுடும் தட்டில் தண்ணீர் ஊற்றி அட்டை அறைக்கு முன்னால் வைத்து, கணவர் கையில் டார்ச்சைக் கொடுத்தாள்.

"பதினஞ்சு டிகிரி. கையை ஆட்டாதீங்க."

"லீவு நாள்ல குளிக்கிற ரூம்ல சூரியனா நிக்கிறேன். வெளிய சொன்னா நம்புவானா ஒருத்தன்?"

"சூரியன் பேசாதுப்பா."

"முதுகு வலிக்கும்ல சூரியனுக்கு?"

அட்டைச் சுவரில் தபால்தலை அளவுக்கு ஒட்டியிருந்த வெள்ளைத்தாளின் மேல் ஒரு வெளிச்சப் பட்டை நடுங்கிக்கொண்டு ஏறியது. அவர் டார்ச்சை உயர்த்த உயர்த்த அதுவும் மேலே போனது. அவள் ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"என்னம்மா?"

"என் முத்திரை இருக்குப்பா அந்தத் தாள்ல."

கணக்குப் போட்டுப் பார்த்தாள். அக்டோபர் முடியும்வரை பயமில்லை. சூரியன் கிழக்குக் குன்றுக்குப் பின்னாலிருந்து ஏறி வருவதற்குள் உயரமாகிவிடும், பட்டை படத்துக்கு மேலே போய்விடும். நவம்பர் முதல் வாரத்தில் தெற்கே நகர்ந்து கடல்மேல் நேராக எழும்பும். அப்போதிலிருந்து பிப்ரவரிவரை, வானம் தெளிந்த ஒவ்வொரு நாளும் காலை எட்டேகாலுக்கும் ஒன்பதே முக்காலுக்கும் நடுவே அந்தப் பட்டை படத்தின் மேல் கீழிருந்து மேலாக ஊர்ந்து போகும்.

கோதேரா அவள் சொன்னதைக் கடைசிவரை கேட்டார். பிறகு அறைக் கதவைச் சாத்தினார்.

"கலைக்கூடம் எத்தனை மணிக்குத் திறக்கிறாங்க?"

"பத்து மணிக்கு."

"வெயில் ஒம்பதே முக்காலுக்குப் போயிடுது. அப்புறம் என்ன? ஒரு ஈ காக்கா பார்க்கப் போறதில்லை."

"யாரும் பார்க்கலேன்னாலும் வெயில் படுமே."

"மியோஷிசான், நான் உங்க நல்லதுக்குச் சொல்றேன். வரைபடத்துல யாரோட முத்திரை இருக்கு?"

"என்னோடது."

"வாயைத் திறந்தா யாரு தலை உருளும்?"

அவள் மறுநாளே தீவுக்குப் போய் வாயைத் திறந்தாள். சென்செய் மூன்றாம் அறையில் நின்றுகொண்டிருந்தார், அகாமாட்சுவும் கூட இருந்தார். அட்டைப் பெட்டியையும் தட்டையும் அவள் தரையில் வைத்துக் காட்டினாள்.

"எந்தக் கேக்குக்கு வாங்கின தட்டு?" என்று கேட்டார் சென்செய்.

"எலுமிச்சைக் கேக், சென்செய்."

"என் ஆபீஸ்ல பன்னெண்டு பேர் கம்ப்யூட்டர் வச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்காங்க. ஒருத்தனுக்கும் தெரியாதது உங்க குளியலறையில தெரிஞ்சுடுச்சு."

"அவங்க கூழாங்கல்லை வச்சுப் போட்ட கணக்கு அது. நானும் அப்படித்தான் போட்டேன். அப்புறம் பார்க்காம முத்திரை குத்திட்டேன், தப்பு என்னோடதுதான். கல்லையே போட்டுடலாம், சென்செய்."

அவர் முகம் இறுகியது. "தண்ணி இருக்கும். குளிர்காலம் வரட்டும், பார்த்துக்கலாம்."

அகாமாட்சு இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "நானே காலையில வந்து பார்க்கிறேன் மியோஷிசான், கவலைப்படாதீங்க" என்றார். அவள் கனத்த கறுப்புத் துணி ஒன்றை அளவெடுத்துத் தைத்து அனுப்பினாள். நவம்பர் பிறந்ததும் இதைக் காலையில் திறப்புக்கு முன்னால் தொங்கவிடுங்கள் என்று சீட்டும் வைத்தாள். சென்செய்யின் சுவரில் துணியைத் தொங்கவிட அகாமாட்சுவுக்குத் தைரியம் வரவில்லை. துணி சாமான் அறைக்குப் போனது.

அக்டோபரில் திறப்பு விழா நடந்தது. நவம்பர் முதல் தேதி கோதேரா அவளை மருகாமேயில் புதிதாகத் திறக்கிற சூப்பர் மார்க்கெட்டுக்கு அனுப்பினார். பதினைந்து நாள், காலை ஏழிலிருந்து மாலை ஏழுவரை, விடுப்பு கிடையாது. வேண்டுமென்றே செய்தார் என்று அவளுக்குத் தெரியும். ஏணியில் நிற்பாள், திடீரென்று இறங்கி வாசலுக்கு ஓடி வானத்தைப் பார்ப்பாள். நீலமாக இருந்தால் அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்காது. மேகம் இருந்தால் முகம் மலர்ந்துவிடும்.

"என்னக்கா, வானத்துலேர்ந்து மீன் விழும்னு பார்க்கிறீங்களா?" என்றான் மீன் வெட்டுகிறவன். "ஊரே மழை வேணாம்னு கும்பிடுது, நீங்க ஒருத்தர்தான் மழை வந்தா சிரிக்கிறீங்க."

அகாமாட்சுவுக்குப் போன் போட்டாள்.

"சொன்னபடி நேத்து எட்டு மணிக்கே போய் நின்னேன், மியோஷிசான். ஒண்ணுமே வரலை."

"நேத்து மேகமூட்டம், அகாமாட்சுசான்!"

"மேகமும் இயற்கைதானே. அதையும் கணக்குல சேர்த்துக்கணும்ல?"

அவள் போனை வைத்துவிட்டு உள்ளங்கையால் நெற்றியில் அடித்துக்கொண்டாள். அந்தப் பதினைந்து நாட்களில் பத்து நாள் வானம் கண்ணாடி மாதிரி இருந்தது.

பதினாறாம் தேதி முதல் படகில் ஏறினாள். மேகம். பதினேழு, மழை. பதினெட்டு, பாதி வழியில் மூடிக்கொண்டது. இதே வேலையா என்று படகில் டிக்கெட் கிழிப்பவர் கேட்டார். பத்தொன்பதாம் தேதி கடலுக்கு மேலே ஒரு நூல் மேகம்கூட இல்லை. குன்றின் மேல் மூச்சு வாங்க ஏறிப் போய்ப் பின்வாசலைத் தட்டினாள். துப்புரவு வேலை பார்க்கும் தோகியே கதவைத் திறந்தாள். தீவிலேயே பிறந்து வளர்ந்த அறுபது வயதுக்காரி, தலையில் துண்டு கட்டியிருந்தாள்.

"என்ன மியோஷிசான், நாய் துரத்துதா?"

"மூணாவது ரூமைத் திறங்க, சீக்கிரம்."

உள்ளே தரையில் வெயில் மூன்று எட்டு ஓடி, அவள் கணக்குச் சொன்ன இடத்தில் நின்றிருந்தது. எதிர்ச்சுவரில், படத்துக்கு ஒரு சாண் கீழே, இன்னொரு வெயில் இருந்தது. தண்ணீரில் காற்று கீறும் ஒவ்வொரு கீறலும் அதில் ஓடிக்கொண்டிருந்தது. அது நகர்வது கண்ணுக்குத் தெரியவில்லை. ஆனால் கைப்பையிலிருந்து மீட்டரை எடுப்பதற்குள் காகிதத்தின் கீழ் ஓரத்தைத் தொட்டுவிட்டது. மீட்டரைப் பிடித்தாள். நாலாயிரத்து எழுநூறு.

அவள் மேல்கோட்டைக் கழற்றி, இரண்டு கையாலும் விரித்துப் பிடித்து, படத்துக்கு முன்னால் போய் நின்றுகொண்டாள். முதுகுப்பக்கம் படம், முகத்தில் வெயில்.

"என்ன கூத்து இது?" என்றாள் தோகியே.

"நான் அனுப்பின கறுப்புத் துணி எங்க இருக்கு?"

"கறுப்புத் துணியா? தரை தேய்க்கிற மெஷினை மூடி வச்சிருக்கேனே, அதுவா? நல்ல கனமான துணின்னு நினைச்சேன்."

"அதைக் கொண்டு வாங்க!"

தோகியே துணியோடு ஓடி வந்தாள். திறப்பின் ஓரத்தில் மாட்டுவதற்கு ஒரு கொக்கிகூட இல்லை. சென்செய்யின் சுவர் அப்படி. ஆளுக்கொரு முனையைப் பிடித்துக்கொண்டு, இரண்டு பெண்களும் படத்துக்கு முன்னால் துணியை விரித்து நின்றார்கள். வெயில் இடுப்புக்கு ஏறியது, மார்புக்கு ஏறியது.

"இது வந்து ரெண்டு வாரமாச்சு, மியோஷிசான்" என்றாள் தோகியே. "தினம் தரை துடைக்கும்போது பார்ப்பேன். அழகா இருக்குன்னு கொஞ்ச நேரம் நின்னு பார்த்துட்டுப் போவேன். இது தப்புன்னு யாரும் எனக்குச் சொல்லலையே."

ஹிசாயோ இயக்குநருக்குச் சொன்னாள், முதலாளிக்குச் சொன்னாள், சென்செய்க்குச் சொன்னாள். தினமும் அந்த நேரத்தில் அந்த அறையில் இருக்கிற ஒரே மனுஷியிடம் சொல்ல அவளுக்குத் தோன்றவே இல்லை.

ஒன்பதே முக்காலுக்கு வெயில் படத்தின் மேல் விளிம்பைத் தாண்டிக் கூரைக்குப் போனது. அகாமாட்சு அப்போதுதான் வந்து சேர்ந்தார். துணியோடு நிற்கும் இருவரையும், கூரையில் நெளியும் வெளிச்சத்தையும் பார்த்துவிட்டு அவர் செய்த முதல் வேலை, சாயோவின் தங்கை மிட்சுவுக்குப் போன் போட்டது. அந்த ஒரு விஷயத்தில் ஹிசாயோ அவரைக் கடைசிவரை மெச்சினாள்.

அன்றிலிருந்து தினமும் காலையில் தோகியேவும் அகாமாட்சுவும் துணியைப் பிடித்து நின்றார்கள். நாலாம் நாள் சென்செய் வந்தார், அதே படகில் மிட்சுவும் வந்தார். தபால் நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற எழுபத்திரண்டு வயதுக்காரர். குள்ளமான உடம்பு, கையில் பெரிய துணி மூட்டை.

வானம் தெளிவாக இருந்தது. துணியின் மேல் வெயில் ஏறுவதைச் சென்செய் பார்த்தார். தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து பார்த்தார். பிறகு மெல்லிய குரலில், "இதுதான் இந்த அறை" என்றார். "இதைத்தான் இத்தனை வருஷமாத் தேடினேன். படத்தை வேற இடத்துக்கு மாத்திடலாம்."

ஹிசாயோ வாழ்க்கையில் யாரிடமும் குரல் உயர்த்தியதில்லை. அன்று உயர்ந்துவிட்டது. "சென்செய், இந்தப் படத்துக்காகத்தானே இந்த அறையைக் கட்டினீங்க? எட்டு மாசம் என்னை மல்லாக்கப் படுக்க வச்சு முப்பத்தெட்டு கொண்டு வரச் சொன்னது எதுக்கு? இப்ப வெயில் நல்லாருக்குன்னு படத்தை வெளிய போகச் சொல்றீங்களா?"

சென்செய் அவளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மிட்சு கேட்டார், "யாரால வந்த தப்பு இது?"

"என்னாலதான்" என்றாள் ஹிசாயோ. நாற்பது தாள், முத்திரை, சூடேறிய விளக்கு, எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னாள்.

"சரி. தண்ணியை எப்ப இறைக்கப் போறீங்க?"

"அந்தத் தண்ணி இல்லேன்னா..." என்று ஆரம்பித்தார் சென்செய்.

"அப்ப படத்தை இறக்குங்க. பத்தரை மணிப் படகுல எடுத்துட்டுப் போறேன். சுத்தறதுக்குப் போர்வை கொண்டு வந்திருக்கேன்." மூட்டையை அவிழ்த்துக் காட்டினார். பழைய பருத்திப் போர்வை, பூப்போட்டது. "எங்க அக்கா இருந்திருந்தா உங்களை என்ன சொல்லியிருப்பான்னு தெரியாது. அவ பாதி நாள் யார்கூடவும் பேச மாட்டா. நான் பேசுவேன்."

அதற்குள் வெயில் துணியைத் தாண்டிக் கூரைக்குப் போயிருந்தது. சென்செய் எழுந்தார், கால்சட்டையை முழங்கால்வரை மடித்துக்கொண்டு வெளியே போனார். தோகியேவிடம் துடைப்பத்தை வாங்கி, அந்தக் குளிரில் தண்ணீருக்குள் இறங்கி, வடிகால் பக்கம் தள்ள ஆரம்பித்தார். அகாமாட்சு பதறிப்போய்க் காலுறையோடு உள்ளே குதித்தார். ஹிசாயோ வாளியை எடுத்துக்கொண்டாள். மதியத்துக்குள் கறுப்புத் தரை காய்ந்துவிட்டது. நவம்பர் தொடங்கியதும் வடித்து, பிப்ரவரியில் நிரப்புவது என்று முடிவாயிற்று. அறைக்கு அது ஒரு குறைதான் என்று பார்த்தவர்கள் சொல்கிறார்கள். சென்செய் அதைப் பற்றி எங்கும் பேசவில்லை.

ஒகாயாமாவிலிருந்து வந்த காகித நிபுணர் பூதக்கண்ணாடி வைத்து இரண்டு நாள் பார்த்தார். இடப்பக்கம் கீழே மூன்று கோடுகள் வெளிறியிருக்கின்றன, கண்ணுக்குத் தெரியுமா தெரியாதா என்ற எல்லையில் இருக்கின்றன என்று எழுதிக் கொடுத்தார். ஹிசாயோவுக்குத் தெரிந்தது. மிட்சு மூக்கு இடிக்கும் தூரத்தில் நின்று பார்த்தார்.

"எனக்குத் தெரியலை" என்றார். "உன்னைத் தேத்தறதுக்காகச் சொல்லலை. கண்ணுல புரை."

ஹிசாயோ குனிந்து மன்னிப்புக் கேட்டாள். நெடுநேரம் நிமிரவில்லை. மிட்சு அவளை நிமிர்த்தவும் இல்லை, திட்டவும் இல்லை. பையிலிருந்து ஒரு கமலா ஆரஞ்சை எடுத்து அவள் கையில் வைத்துவிட்டுப் படகுக்குக் கிளம்பினார்.

கோதேரா எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார். ஹிசாயோ சூப்பர் மார்க்கெட்டுகளுக்குத் திரும்பினாள். குசுஹாரா அடுத்து கனாசவாவில் ஒரு கலைக்கூடம் கட்டினார். அதற்கு அவளைக் கூப்பிடவில்லை. செய்தியைப் பேப்பரில் பார்த்த அன்று அவள் வீட்டிலிருக்கிற அலமாரி எல்லாவற்றையும் இழுத்துப் போட்டுத் துடைத்தாள். கோபமா, வருத்தமா என்று கணவர் கேட்டதற்கு, "தூசி" என்றாள். ஆனால் வரைபடம் எது வந்தாலும் இப்போது மூன்று நாள் வைத்திருந்துதான் முத்திரை குத்துகிறாள். கோதேரா தலையில் அடித்துக்கொள்கிறார்.

அடுத்த வருஷம் நவம்பரில் அகாமாட்சு போன் செய்தார். "நாளைக்குத் தண்ணி இறைக்கிறோம். உங்களுக்கு வேலை ஒண்ணுமில்லை. சும்மா சொன்னேன்." அவளால் வீட்டில் உட்கார முடியவில்லை. ஷிகேஹாருவும் டாக்ஸிக்கு விடுப்புப் போட்டுவிட்டு, "என்னதான் இருக்குன்னு நானும் பார்க்கிறேன்" என்று கூடவே வந்தார். தண்ணீர் வடிந்த பிறகு தோகியே நெத்திலி போட்டுக் கொதிக்க வைத்த சூப்பைக் குடித்துவிட்டு, இரண்டு பேரும் மூன்றாம் அறைக்குள் போனார்கள்.

அவர் முதலில் வெள்ளைத்தாளைப் பார்த்தார். கொட்டாவி விட்டார். பிறகு கொஞ்சம் கிட்டே போனார். அவர் தோள்கள் அசையாமல் நிற்பதை ஹிசாயோ பின்னாலிருந்து பார்த்தாள். நீலம் அவர் கண்ணுக்கு வந்துகொண்டிருந்தது.

"அம்மா, இதுல எந்தக் கோடு போனது?"

"பாருங்க. இடப்பக்கம், கீழே."

அவர் குனிந்து, முட்டியில் கை ஊன்றி, ரொம்ப நேரம் தேடினார். பிறகு எட்ட நின்றபடியே விரலை நீட்டினார். "இதுவா?"

அவர் காட்டிய கோடு நன்றாகத்தான் இருந்தது. அவள் அவர் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, அவர் மணிக்கட்டைப் பிடித்து, விரலை இடப்பக்கமாக ஒரு சாண் நகர்த்தினாள்.